"அண்ணா, ஸ்கோப் போச்சு போல": ஏற்காட்டுல வானம் பாக்க வந்து ஒண்ணும் தெரியலைன்னா எங்கெங்க பாக்கணும்

அமாவாசைய ஒட்டி வர்ற சனிக்கிழமை, வானம் பாக்கற கிளப் ஆளுங்களோட சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, எஸ்டேட்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வாங்கின திடல்ல ஸ்கோப்ப (டெலஸ்கோப்பத்தான் அப்படி சொல்றோம்) நிறுத்தி, கண்ண வச்ச கொஞ்ச நேரத்துல எங்கயாவது ஒரு மூலையில இருந்து "அண்ணா, ஸ்கோப் போச்சு போல"ன்னு ஒரு சத்தம் வந்துரும். போயிருக்காது. அதுல போறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு கண்ணாடி, ஒரு குழாய், நாலஞ்சு ஸ்க்ரூ, அவ்வளவுதான்.

அதனால கோளாறு தேடும்போது ஒரு வரிசை வச்சுக்கங்க. மொதல்ல வானம், அப்புறம் உங்க கண்ணு, அப்புறம் காத்து, அப்புறம் கண்ணாடி மேல என்ன படிஞ்சிருக்குன்னு, கடைசியாத்தான் ஸ்க்ரூ. நிறைய பேரு இத தலைகீழா பண்றாங்க. இருட்டுல ஆலன் கீய எடுத்து மிரர் ஸ்க்ரூவ திருகி, நல்லா இருந்ததையும் கெடுத்து வச்சுட்டு, அதுக்கப்புறம் தலைய தூக்கி மேகத்த பாக்கறாங்க. ஆலன் கீ பைக்குள்ளயே இருக்கட்டும். என்ன தெரியுது, எப்படி தெரியுதுன்னு பாத்து கீழ வர்ற தலைப்புல உங்களுது எதுன்னு தேடுங்க.

ஐபீஸ்ல (கண்ண வைக்கற குட்டி லென்ஸுல) கும்மிருட்டு, ஒண்ணுமே இல்ல

மூடிய கழட்டினீங்களா? சிரிக்காதீங்க, இது அடிக்கடி நடக்கறதுதான். சில ஸ்கோப்புல பெரிய மூடியில ஓரமா ஒரு குட்டி மூடி தனியா கழரும், நிலா ரொம்ப கண்ணு கூசினா வெளிச்சத்த குறைக்கறதுக்காக. புதுசா வாங்கினவங்க அத மட்டும் கழட்டிட்டு மூடி கழட்டியாச்சுன்னு உக்காந்திருப்பாங்க, நிலா தெரியும், மங்கலானது எதுவும் தெரியாது.

மூடி காரணம் இல்லைன்னா அடுத்தது ஐபீஸ். பெருசா தெரியணும்னு 10 எம்எம், அது பத்தாதுன்னு அதுல ஒரு பார்லோ லென்ஸு (இன்னும் பெருசாக்கிக் காட்டறது) வேற சொருகி ஆரம்பிச்சா வானத்துல ஒரு கடுகளவு இடம்தான் தெரியும், அந்த கடுகுக்குள்ள நட்சத்திரம் இருக்கணும்னு சட்டமா என்ன? ஸ்கோப்போட ஃபோகல் லெங்த்த (வெளிச்சம் குவியற தூரத்த) ஐபீஸ் எம்எம்மால வகுத்தா எத்தன மடங்குன்னு வந்துரும். 900 எம்எம் ஸ்கோப்புல 25 எம்எம் போட்டா 36 மடங்கு, 10 எம்எம் போட்டா 90. எப்பவும் 25ல ஆரம்பிங்க, நடுவுல கொண்டு வந்து நிறுத்துங்க, அப்புறம் மாத்துங்க. பெட்டி மேல 500 மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறத நம்பாதீங்க. ஸ்கோப் வாய் அகலம் மில்லிமீட்டர்ல எவ்வளவோ அத ரெண்டால பெருக்குங்க, அதுக்கு மேல போனா மங்கலத்தான் பெருசாக்கறோம், 70 எம்எம் ஸ்கோப்புன்னா 140 மடங்குதான் உச்சம்.

அதுக்கும் அப்புறம் ஃபைண்டர், குறி பாக்கறதுக்கு குழாய் மேல மாட்டியிருக்கற குட்டி ஸ்கோப். ஃபைண்டர் ஒரு பக்கம் பாக்குது, பெரிய குழாய் இன்னொரு பக்கம் பாக்குதுன்னா ராத்திரி பூரா தேடினாலும் வராது. இத சரி பண்ண வேண்டிய நேரம் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே மலைக்கு வந்துருங்க, தூரத்து செல்போன் டவரோட நுனிய 25 எம்எம்ல நடுவுல கொண்டு வந்து, அதே நுனி ஃபைண்டர் நடுவுலயும் வர்ற வரைக்கும் ஃபைண்டரோட குட்டி ஸ்க்ரூவ திருகுங்க (இந்த ஸ்க்ரூவுக்கு மட்டும் எப்பவும் அனுமதி உண்டு). ஆனா சூரியன் முழுசா மறையற வரைக்கும் அந்தப் பக்கமே குழாய திருப்பக்கூடாது, ஃபைண்டரும் சேத்துத்தான் சொல்றேன், கண்ணு போறதுக்கு ஒரு கணம் போதும். பசங்க கூட இருந்தா பக்கத்துலயே நில்லுங்க.

லென்ஸ் வச்ச ஸ்கோப்பா இருந்து எவ்வளவு திருகியும் ஃபோகஸே வரலைன்னா, பின்னாடி மாட்ற எல் ஷேப் டயகனல வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களான்னு பாருங்க. அது இல்லாம நிறைய ஸ்கோப்புல ஃபோகஸர் எட்டாது.

நட்சத்திரம் நடுவுல ஓட்டையோட மெதுவடை மாதிரி தெரியுது

ஃபோகஸ் இல்ல. திருகுங்க, வடை சின்னதாகி சின்னதாகி புள்ளியாகும். பெருசானா எதிர்ப்பக்கம் திருகுங்க. அந்த ஓட்டை ஸ்கோப்புக்குள்ள இருக்கற ரெண்டாவது குட்டிக் கண்ணாடியோட நிழல், அது தப்பு இல்ல. ஓட்டை நடுவுல இல்லாம ஒரு ஓரமா ஒதுங்கி இருந்தா மட்டும் கொலிமேஷன், அதாவது கண்ணாடிங்க ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கான்னு பாக்கணும், அதையும் தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கும்போது பாருங்க.

வந்தப்ப சூப்பரா இருந்துச்சு, பத்து மணிக்கு மேல எல்லாம் மங்கிருச்சு

பனி. ஏற்காட்டுல மார்கழி, தை மாசத்துல இதுதான் முதல் எதிரி, ஆனா யாரும் இத சந்தேகப்படவே மாட்டாங்க, ஏன்னா மெதுவா வரும். மொதல்ல மங்கலான நட்சத்திரங்க காணாம போகும், அப்புறம் பெரிய நட்சத்திரத்த சுத்தி ஒரு வெள்ளை வட்டம் விழும், அப்புறம்தான் "மேகம் வந்துருச்சு"ன்னு சொல்லுவாங்க. தலைய தூக்கி பாத்தா மேல கார்த்திகை கூட்டம் பளிச்சுனு இருக்கும்.

சோதிக்கறது ஈஸி. சிவப்பு டார்ச்ச குழாய் வாய் பக்கத்துல சாய்ச்சு பிடிங்க. லென்ஸ் ஸ்கோப்புன்னா முன்னாடி லென்ஸு மேலயே பூப்பூவா படிஞ்சிருக்கும். மிரர் ஸ்கோப்புன்னா அடியில இருக்கற பெரிய மிரர் பெரும்பாலும் தப்பிச்சுக்கும், குழாய் வாய்க்கு பக்கத்துல இருக்கற குட்டி மிரர்தான் மாட்டும். ஐபீஸையும் பாத்துக்கங்க, நம்ம மூச்சுக் காத்து பட்டே அது மங்கிரும், அதுலயும் மாஸ்க், மப்ளரு கட்டிக்கிட்டு பாக்கறவங்க மூச்சு நேரா மேல ஏறி ஐபீஸ்லதான் போய் உக்காரும்.

துணியால துடைக்காதீங்க. சட்டை நுனி, கர்ச்சீப்பு, கண்ணாடி துடைக்கற துணி, எதுவும் வேணாம், தூசியும் ஈரமும் சேந்து கோடு போட்டுரும், மிரர் மேல இருக்கற அலுமினியப் பூச்சு அவ்வளவு மெல்லிசு. லேசான சூட்டுல ஹேர் ட்ரையர் காட்டலாம், கரண்ட் இல்லைன்னா கார் ஹீட்டர் முன்னாடி ஐபீஸ கொஞ்ச நேரம் வச்சு எடுங்க. உபயோகத்துல இல்லாத ஐபீஸ பேண்ட் பாக்கெட்டுல வச்சுக்கங்க, உடம்பு சூடே போதும். வராம தடுக்கணும்னா பழைய யோகா மேட்ட வெட்டி ஸ்கோப் வாய சுத்தி, வாய் அகலத்தப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு வெளிய நீட்டிக்கற மாதிரி சுருட்டி கட்டுங்க. வாய் நேரா திறந்த வானத்த பாத்துக்கிட்டே இருக்கறதாலதான் சுத்தி இருக்கற காத்த விட கண்ணாடி அதிகமா குளிருது, பனி படியுது, இந்த மறைப்பு அந்த குளிர்ச்சிய குறைக்கும். செலவுன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா கிளப்புல காசு போட்டு வாங்கின எத்தனையோ சாமானை விட இதுதான் வேலை செய்யுது, என்னைய கேட்டா.

வியாழன் நெளியுது, கொதிக்குது, பட்டை தெரியல

இது காத்து. சேலத்துல வெயில்ல கார் டிக்கியில கிடந்த ஸ்கோப்ப, 1500 மீட்டர் உயரத்துல இருக்கற குளிர்ல எறக்கி வச்ச உடனே கண்ண வச்சா, மிரர் இன்னும் சேலத்துலதான் இருக்கும். சூடான மிரர் மேல சூடான காத்து எழும்பிக்கிட்டே இருக்கும், அது வழியா பாத்தா எதுவும் நிக்காது. 8 இன்ச் டாப்சோனியன்னா (தரையில வைக்கற பெட்டி மேல நிக்கற மிரர் ஸ்கோப்) முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் வெளிய திறந்து வைங்க, அதுக்குள்ள டீ குடிங்க.

அதுக்கப்புறமும் நெளிஞ்சா எங்க நிக்கறீங்கன்னு பாருங்க. பகல் பூரா காஞ்ச தார் ரோடு, பாறை, தகர ஷெட்டு, கார் பானெட்டு, இதுக்கு மேல பாத்தா நெளியத்தான் செய்யும். புல்லுத் தரை நல்லது. வியாழன் இப்பதான் எழும்பி மரத்துக்கு மேல வந்திருந்தாலும் காத்திருங்க, உயர உயர நம்ம பாக்கற காத்தோட தடிமன் குறையும். நட்சத்திரமெல்லாம் அழகா மின்னுதுன்னு சந்தோஷப்படறாங்க பாருங்க, அந்த ராத்திரி கிரகம் பாக்கறதுக்கு மோசமான ராத்திரி. லேசா மூட்டம் கட்டி, மின்னாம, மந்தமா இருக்கற ராத்திரியிலதான் சனியும் வியாழனும் ஆடாம நிக்கும்.

வானமே வெளுத்து கிடக்கு, பால்வெளிய காணோம்

முதல்ல காலண்டர். நிலா எந்த நேரத்துல வருதுன்னு பாக்காம கெளம்பி வந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அமாவாசைதான் வேணும்னு இல்ல, பௌர்ணமி கழிஞ்சு ஒவ்வொரு நாளும் நிலா சராசரியா 50 நிமிஷம் லேட்டா எழும்பும், அதனால தேய்பிறை பஞ்சமி, சஷ்டிக்கு அப்புறம் முன்னிரவு இருட்டாத்தான் இருக்கும். நிலாவையே பாக்கணும்னா பௌர்ணமிக்கு வராதீங்க, அப்ப நிழலே இல்லாம தட்டையா இருக்கும், வளர்பிறை அஷ்டமி வாக்குல வாங்க, வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல குழி குழியா எழும்பி நிக்கும்.

நிலா இல்லாமயும் வெளுத்திருந்தா, சேலம். இதுதான் இந்த மலையோட பெரிய வயித்தெரிச்சல். ஊரு நமக்கு தெற்கால கீழ கிடக்கு, அதோட வெளிச்சம் பூரா தென்வானத்துல போய் ஒட்டுது. ஆனா சென்னைக்காரங்களோ டெல்லிக்காரங்களோ பொறாமைப்படற சமாச்சாரமெல்லாம் நமக்கு தெற்குலதான் இருக்கு. ஏற்காடு கிட்டத்தட்ட 11.8 டிகிரி வடக்கு, அதனால தென்சிலுவை தொடுவானத்துக்கு மேல சுமாரா 18 டிகிரி வரைக்கும் எழும்பும், அகத்தியர் நட்சத்திரம் 25, ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து 30 டிகிரிய தாண்டும். கைய நீட்டி முஷ்டி பிடிச்சா அதோட அகலம் 10 டிகிரி, அத வச்சு அளந்துக்கங்க.

ஆகவே லேடீஸ் சீட் மாதிரி சேலம் ஜொலிக்கற வியூ பாயிண்ட்டுல ஸ்கோப்ப போடறது வீண் வேலை, அது செல்ஃபிக்கு நல்ல இடம். ஊருக்கு வடக்க தள்ளிப் போய், தெற்கால ஒரு மேடோ மரவரிசையோ ஒரு முஷ்டி உயரத்துக்குள்ள மறைக்கற மாதிரி இடம் பாருங்க. அதுக்கு மேல மறைச்சா சிலுவையும் சேந்து போயிரும், அங்கதான் சிக்கலு. எஸ்டேட்டுல சில்வர் ஓக் மரம் நெடுநெடுன்னு நிக்கும், பகல்ல போய் பாத்து வச்சுக்கங்க. மே மாசம் கோடை விழா நடக்கற சமயத்துல ஏரிப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க. சில ராத்திரி கீழ சேலத்து மேல தாழ்வா மூட்டம் படுத்துக்கும், மேல நமக்கு தெளிவா இருக்கும், ஊரு வெளிச்சத்த அந்த மூட்டமே போர்த்தி அமுக்கிரும். அந்த மாதிரி அமைஞ்சா தூக்கத்த பத்தி யோசிக்காதீங்க, தென்வானத்த விடாம பாருங்க.

எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல

போன எடுத்து வாட்ஸாப் பாத்தீங்க. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு ஸ்க்ரீன் வெளிச்சம் பட்டா திரும்ப முதல்ல இருந்து. டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடி பேப்பர் ரெண்டு மூணு மடிப்பு போட்டு ரப்பர் பேண்ட் கட்டுங்க, சிவப்பு வெளிச்சம் மங்கலா இருந்தா கண்ண அவ்வளவா கெடுக்காது. கார் எடுக்கறவங்க சொல்லிட்டு எடுங்க, கதவ திறந்தா உள்ள எரியற லைட்ட முன்னாடியே ஆஃப் பண்ணி வைங்க. எஸ்டேட் வாட்ச்மேன் அண்ணன் ராத்திரி ரவுண்டு வரும்போது பெரிய டார்ச்ச நேரா மூஞ்சியில அடிப்பாரு, அவர் மேல தப்பில்ல, அது அவர் வேலை. சாயங்காலமே கூப்பிட்டு நிலாவையோ சனியையோ ஒரு தடவ காட்டிருங்க, அப்புறம் அவரே டார்ச்ச தரையில அடிச்சுக்கிட்டு வருவாரு.

மங்கலான சமாச்சாரத்த நேரா முறைச்சு பாக்கக்கூடாது. கொஞ்சம் பக்கத்துல பாருங்க, ஓரக்கண்ணுல தானா தெரியும், மங்கின வெளிச்சத்த பிடிக்கற செல்லுங்க விழித்திரையில நடுவுல இல்ல, சுத்தித்தான் இருக்கு. மூக்குக் கண்ணாடி போட்டவங்க கிட்டப்பார்வை, தூரப்பார்வைன்னா கழட்டிட்டு ஃபோகஸ் மாத்திக்கலாம், சிலிண்டர் பவர் அதிகம்னா போட்டுக்கிட்டே பாருங்க.

இவ்வளவுதானா? சாம்பல் திட்டு மாதிரி இருக்கு

ஆண்ட்ரோமெடா கேலக்ஸியா? அப்ப எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது. படத்துல பாத்த நீலமும் சிவப்பும் கேமரா ரொம்ப நேரம் திறந்து வச்சு சேத்தது, மங்கின வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு கலர் பிரிக்க வராது. நமக்கு வடகிழக்கால ஜவ்வாது மலையில காவலூர்ல 2.34 மீட்டர் கண்ணாடி வச்ச வைணு பாப்பு டெலஸ்கோப் இருக்கே, அங்க ஆராய்ச்சி பண்றவங்களும் கருவி மாட்டித்தான் பாக்கறாங்க, கண்ண வச்சு இல்ல. அந்த திட்டுல இருந்து வர்ற வெளிச்சம் கெளம்பி சுமார் 25 லட்சம் வருஷம் ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு திரும்ப ஒரு தடவ பாருங்க. கலர் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு திருவாதிரைய காட்டுங்க, ஆரஞ்சு கலர் வெறும் கண்ணுக்கே தெரியும்.

சனிக்கு வளையம் ஒல்லியா இருக்கு

அதுவும் கோளாறு இல்ல. 2025 மார்ச்சுல வளையத்தோட விளிம்பு நேரா நம்ம பக்கம் திரும்பிச்சு, சுமாரா 15 வருஷத்துக்கு ஒரு தடவ அப்படி ஆகும், இப்ப வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா திறந்துக்கிட்டு வரும்.

பிடிச்சு வச்சா ஓடிருது

பூமி சுத்துது, மணிக்கு 15 டிகிரி. 100 மடங்குல அரை டிகிரி வானம்தான் தெரியும்னு வச்சுக்கங்க, ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு போக ரெண்டு நிமிஷம்தான். வரிசையில ஆளு நின்னா நடுவுல வைக்காதீங்க, எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்கு எதிர் ஓரத்துல வைங்க, அடுத்த ஆளு வந்து கண்ண வைக்கறப்ப நடுவுக்கு வந்திருக்கும். சின்னப் பசங்க ஐபீஸ கையில பிடிச்சு இழுத்துத்தான் பாப்பாங்க, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர போட்டு அதோட முதுக பிடிச்சுக்கச் சொல்லுங்க.

ஈக்வடோரியல் மவுண்ட் (துருவ நட்சத்திரத்த நோக்கி அச்ச சாய்ச்சு வைக்கற ஸ்டாண்ட்) வச்சிருக்கறவங்களுக்கு தனி தலைவலி. துருவ நட்சத்திரம் இங்க தொடுவானத்துல இருந்து 12 டிகிரிகூட இல்ல, ஒரு முஷ்டிய கொஞ்சம் தாண்டினா அவ்வளவுதான், மரம் மறைச்சா போச்சு. ஐப்பசி கார்த்திகையில முன்னிரவுல சப்தரிஷி மண்டலமும் கீழ போயிருக்கும், அதனால டபிள்யூ ஷேப்ல இருக்கற கசியோபியாவ வச்சு வடக்க பிடிங்க. அதோட இந்த மவுண்ட் நிறைய குளிர் நாட்டுக்காரங்க ஊருக்காக செஞ்சது, 12 டிகிரிக்கு சாய்ச்சா எதிர் எடைக் கம்பி ட்ரைபாட் கால்ல போய் முட்டும். முட்டுதான்னு வீட்டுலயே வச்சு சுத்தி பாருங்க, முட்டினா எடைய கம்பியில கொஞ்சம் மேல ஏத்துங்க, இல்ல ட்ரைபாட் காலு நிக்கற பக்கத்த மாத்திப் பாருங்க.

கோடூ ஸ்கோப் (பேர சொன்னா தானா திரும்பற மோட்டார் ஸ்கோப்) வேற எங்கயோ போய் நிக்குது

மெஷின் சொன்னத கேக்குது, நம்மதான் தப்பா சொல்லிருக்கோம். நிறைய கைக்கருவியில தேதி அமெரிக்கா முறையில, மாசம் மொதல்ல வரும். மார்ச் 4ன்னு நினைச்சு 04/03ன்னு போட்டா அது ஏப்ரல் 3க்கு போயிரும், வானம் ரெண்டு மணி நேரம் தள்ளிரும். டேலைட் சேவிங் ஆஃப்ல இருக்கணும், டைம் ஜோன் 5:30. இடத்துக்கு 11.78 வடக்கு, 78.21 கிழக்குன்னு போட்டா போதும். இதெல்லாம் சரியா இருந்தும் போகலைன்னா ரோகிணிய திருவாதிரைன்னு நினைச்சு ஓகே அடிச்சிருப்பீங்க, ரெண்டும் செம்மஞ்சள், பக்கத்துப் பக்கத்துல வேற. அதுக்கு பதிலா சிரியஸ எடுத்துக்கங்க, அத தப்பா பிடிக்க முடியாது.

போன்ல நட்சத்திரம் காட்ற ஆப் காட்ற திசையும் வானமும் ஒத்து வரலைன்னா போன் கவர்ல காந்தம் இருக்கும், இல்ல கார் மேல சாஞ்சு நிப்பீங்க. கவர கழட்டி, கார விட்டு தள்ளி வந்து, போன எட்டு போடற மாதிரி சுத்துங்க.

மூட்டம் எறங்கிருச்சு

அரை மணி நேரம் பொறுங்க. போன்ல சாட்டிலைட் படம் பாத்து "க்ளியரா இருக்கே"ன்னு வாக்குவாதம் பண்ணாதீங்க, ராத்திரி வர்ற இன்ஃப்ராரெட் படம் சூட்ட வச்சு எடுக்கறது, தாழ்வான மூட்டத்தோட சூடும் தரையோட சூடும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால அதுல சரியா தெரியாது. ஜனவரியில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் கலைய வாய்ப்பு ஜாஸ்தி, ஐப்பசி மழைக் காலத்துல எறங்கினா பெரும்பாலும் விடியற வரைக்கும் அப்படியேதான்.

கெளம்பறதுன்னா ஸ்கோப்ப ஈரத்தோட மூடி பெட்டியில போடாதீங்க, மூடாம துணி போர்த்தி கொண்டு போங்க, வீட்டுக்கு போனதும் குழாய் வாய கீழ சாய்ச்ச மாதிரி வச்சு ஃபேன் காத்துல காய விட்டுட்டு, காஞ்சப்புறம் மூடுங்க, இல்லைன்னா லென்ஸுல பூஞ்சை பிடிக்கும், அதுக்கு மட்டும்தான் நெஜமாவே ரிப்பேர் கடை தேவைப்படும். மூட்டத்துல வளைவு எறங்கும்போது ஹை பீம் போடாதீங்க, வெள்ளைச் சுவருதான் தெரியும். எஸ்டேட் ரோட்டுல காட்டெருமை குறுக்க நின்னா ஹாரன் அடிக்காம, கிட்ட போகாம வண்டிய நிறுத்துங்க, எறங்கி போட்டோ எடுக்கற வேலையெல்லாம் வேணாம், அது நகந்து போனப்புறம் போங்க.